தும்பில் பிறந்த தும்பி: குமரியில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வியாழன்

ஆரல்வாய்மொழியை நெருங்கும்போதே ரயில் ஜன்னலில் காற்று மாறிவிட்டது. இருபக்கமும் காற்றாலைகள், நடுவில் மலை இடைவெளி, அதைத் தாண்டியதும் ஒரே பச்சை. ஐப்பசி மழை போன வாரமே தொடங்கிவிட்டதால் வயல், குளம், வாய்க்கால் எல்லாம் ததும்பிக் கிடந்தன.

இதை ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை. ரயிலில் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, துணிச் சுருக்குப்பை காணவில்லை. ஊட்டியிலிருந்து கோவைக்கு இறங்கிய பேருந்தில் தலைக்கு மேல் வைத்ததை எடுக்க மறந்திருக்கிறேன். அதில் பட்டு நூல், சேவல் இறகு, கம்பளி, கட்டி முடித்த முப்பது ஃபிளை இருந்தன. மிச்சம் இருப்பது நான்கு துண்டாகக் கழலும் தூண்டில் ராடும் அதன் ரீலும், ஒரு சிறு கத்தரி, மிட்டாய் டப்பாவில் இருபது வெறும் தூண்டில் முள்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஃபிளை என்றால் பூச்சியைப்போலத் தோன்றும்படி தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டுவது. புழுவோ மாவோ கிடையாது. டிரவுட் மீனுக்காக வளர்ந்த கலை. எங்கள் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்று தோற்றிருக்கிறார்கள். மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் காலத்தில், 1907 வாக்கில், அவலாஞ்சிப் பொரிப்பகத்தில்தான் வானவில் டிரவுட் நிலைத்தது. அந்த ஓடைக்கரையில் அப்பா காவலராக வேலை பார்த்தார். ஃபிளை கட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எட்டு வயதிலிருந்து கட்டுகிறேன்.

கல்லூரித் தோழி ஈத்தாமொழியில் புதுவீடு கட்டியிருக்கிறாள். நாளைக் காலை பால் காய்ச்சு. நாகர்கோவில் ஸ்டேஷனில் என்னை ஏற்றிக்கொண்டவள் பூ வாங்க நேராகத் தோவாளைக்கு விட்டாள். சந்தை ஓய்ந்த நேரம். ஒரு திண்ணையில் மூன்று பேர் மாணிக்கமாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, இடையில் நொச்சி இலை. இதழை மடித்து மடித்து வைத்து, பாய்போலத் தட்டையாக வருகிறது மாலை. புவிசார் குறியீடு பெற்ற வேலை இது. அவர்கள் கட்டைவிரல் நகத்தால் நாரை அழுத்திப் பிடிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் முள்ளில் நூலை அழுத்திப் பிடிக்கும் அதே இடம், அதே பிடி. காலையிலிருந்து இருந்த வருத்தம் அங்கே கொஞ்சம் இறங்கியது.

இரண்டாம் நாள், வெள்ளி

பால் பொங்கியது. கிழக்கே வழிந்ததில் தோழியின் மாமியாருக்கு ஏகச் சந்தோஷம். பந்தியில் அவியலும் எரிசேரியும் பருப்பும் நெய்யும், கடைசியில் அடைப்பிரதமன். சாப்பிட்டு எழுந்ததும் தூக்கம் வந்தது, விடவில்லை. மாத்தூர் போகலாம் என்று கிளப்பிவிட்டார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் படத்தில் பார்த்தால் அதன் உயரம் புரியாது. பறளியாற்றுக்கு மேலே 115 அடியில், ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு, தொட்டி தொட்டியாக வாய்க்கால் போகிறது. 1966-இல் கட்டியது. ஓரமாக நடக்கும்போது காலடியில் தண்ணீர் ஓடுகிறது, அதற்கும் கீழே ஆறு ஓடுகிறது. பாதிவரை போய்த் திரும்பிவிட்டேன்.

அங்கிருந்து திற்பரப்பு. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்குக் கீழே இறங்கிவரும் கோதையாறு இங்கே பாறையில் விரிந்து விழுகிறது. அருவியில் நல்ல கூட்டம். நான் அருவிக்கு மேலே, தண்ணீர் கணுக்கால் அளவு ஓடும் ஓரத்துக்குப் போய், எந்த ஓடைக்குப் போனாலும் செய்வதைச் செய்தேன். ஒரு கல்லைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தேன்.

ஓடையில் மீன் என்ன தின்கிறது என்று தெரிய வேண்டுமானால் மீனைப் பார்க்கக் கூடாது, கல்லின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பார் அப்பா. முதல் இரண்டு கல்லில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு பிராணி. விரல்கணு அளவு, மண்பழுப்பு நிறம், குட்டையாக, உடம்பெல்லாம் ரோமம், ரோமத்தில் சேறு. தட்டானின் இளம்பருவம். இறக்கை முளைக்கும் முன்னால் அது மாதக்கணக்காகத் தண்ணீருக்கு அடியில்தான் வாழ்கிறது. முகத்துக்குக் கீழே மடங்கியிருக்கும் உதட்டைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கும். பயந்தால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி ஒரு தாவு தாவும். என் உள்ளங்கையில் இருந்த அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே இரண்டு தாவு தாவியது. விட்டுவிட்டேன்.

"இங்கே டிரவுட் கிடைக்குமா?" என்று கேட்டாள் தோழி. கிடைக்காது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே தவித்துப்போகிற மீன் அது. கால் வைத்தபோது இந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மீன் பிடிப்பதற்கும் நான் இங்கே வரவில்லை. ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ராத்திரி அவளிடம் ஃபிராங்க் சாயரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலர். அப்பாவைப்போல ஆற்றங்கரையில் நடப்பதே அவர் வேலை. டிரவுட் ஆற்றில் பெருகிவிட்ட கிரேலிங் மீனைப் பிடிக்க அவர் ஒரு ஃபிளை கட்டினார். அதில் இரண்டே பொருள்: செம்புக் கம்பி, காலுறை கிழிந்தால் தைக்கிற கம்பளி. நூல் கிடையாது, இறகு கிடையாது. கம்பியே எடை, கம்பியே கட்டு. நனைந்தால் அந்தக் கம்பளி தோல் நிறத்துக்கு மாறும், அடியில் செம்பு மினுங்கும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் இறால் பூச்சியைப்போலத் தெரியும். சேட்விக் நிறுவனத்தின் 477-ஆம் எண் கம்பளி அது. அந்தக் கம்பளி உற்பத்தி நின்ற பிறகு, பழைய அட்டை ஒன்று கிடைக்காதா என்று ஃபிளை கட்டுகிறவர்கள் தேடி அலைந்தார்கள். 'கில்லர் பக்' என்று அதற்குப் பெயர் சூட்டியவர் சாயர் இல்லை, அமெரிக்கர் லீ வுல்ஃப்.

"அப்போ கம்பியும் கம்பளியும் இருந்தா நீயும் கட்டிருவியா?" என்றாள்.

கட்டிவிடுவேன். ஆனால் நாகர்கோவில் வெயிலில் யார் கம்பளி வைத்திருப்பார்கள்?

மூன்றாம் நாள், சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலையில் கடைத்தெருவில் மின்விசிறிக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். 36 கேஜ் எனாமல் கம்பி கேட்டேன். எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். மீன் பிடிக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. பழைய காயில் ஒன்றைப் பிரித்துப் பத்து மீட்டர் அளவுக்குச் சுற்றித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கம்பி கிடைத்துவிட்டது, கம்பளிதான் இல்லை. தோழியின் பெண் தன் பொம்மையின் ரோஸ் நிறக் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் மனசு எனக்குப் பெரிதாக இருந்தது, ஆனால் தொப்பியைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஈத்தாமொழி தென்னைக்குப் பெயர்போன ஊர். இங்கத்து நெட்டைத் தென்னைக்கும் புவிசார் குறியீடு உண்டு. தென்னை இருக்கும் இடத்தில் கதம்பல் இருக்கும், கதம்பல் இருக்கும் இடத்தில் தும்பு இருக்கும். வெளியூர்க்காரர்களுக்காக: கதம்பல் என்பது தேங்காய் மட்டை, தும்பு என்பது அதிலிருந்து எடுக்கும் நார். பழைய வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தோழியின் மாமியார் இன்னமும் கயிறு திரிக்கிறார். புதுவீட்டுக்குக் குடிவந்த பிறகும் காலையில் நேராக அங்கேதான் போகிறார். நானும் போனேன்.

கயிறு திரிப்பதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு முனையில் ராட்டு. அதன் கொக்கியில் தும்பை மாட்டி ஒருவர் சுற்றுகிறார். இன்னொருவர் மடியில் தும்பைக் கட்டிக்கொண்டு, விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி பின்னாலேயே நடக்கிறார். அவர் நடக்க நடக்க அவருக்கும் ராட்டுக்கும் நடுவில் கயிறு பிறந்துகொண்டே போகிறது. பிறகு இரண்டு பிரியைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குகிறார்கள். பின்பக்கமாக நடந்து நடந்து அந்தக் கொட்டகையின் மண்தரையில் ஒரு தடமே விழுந்திருக்கிறது. "நாப்பது வருசமா நடக்கேன் மக்களே, எங்கயும் போய்ச் சேரல்ல" என்றார் அந்த அம்மா. தும்பைக் கையில் அள்ளித் தந்து, "நல்லாப் பாரு, இது அழுவப்போட்டு அடிச்ச தும்பு. மில்லுத் தும்பு இப்பிடி இருக்காது" என்றார். உண்மைதான். மாதக்கணக்காகத் தண்ணீரில் ஊறிய மட்டையின் தும்பு என்பதால் பொன்பழுப்பு நிறம், நான் நினைத்ததைவிட மெது.

அவர் காப்பி போட உள்ளே போனார். செம்புக் கம்பி பாக்கெட்டில் கசங்கி வளைந்து கிடந்தது. அதை நேராக்கலாம் என்று ஒரு மீட்டர் வெட்டி இரண்டாக மடித்து, மடிப்பை ராட்டின் கொக்கியில் மாட்டி, இரு நுனியையும் கையில் இழுத்துப் பிடித்தேன். அதே கையில் தும்பும் இருந்தது. அவர் தந்ததைக் கீழே போடத் தோன்றவில்லை, விரலிடுக்கிலேயே வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண் வந்து ராட்டைச் சுற்றிவிட்டாள்.

பாட்டி இருக்கும்போது அவளைச் சுற்ற விடமாட்டார்கள். ஆள் இல்லாத நேரம், கொக்கியில் ஏதோ மாட்டியிருக்கிறது, எதிரில் ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குழந்தை வேறென்ன செய்யும்? முழு வேகத்தில் சுற்றினாள். நான் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தி முடிப்பதற்குள் கம்பி இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, என் விரலிடுக்கிலிருந்த தும்பைத் துண்டு துண்டாக உள்ளே இழுத்துவிட்டன. கம்பி வீணாகிப்போனது என்று நினைத்தேன். கடைக்காரர் ஆசையாய்த் தந்த கம்பி.

கொக்கியிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். சீசா கழுவும் பிரஷ்ஷைப்போல ஒரு கம்பி, சுற்றிலும் பழுப்பு ரோமம். திருப்பினால் ரோமத்துக்கு நடுவில் செம்பு மினுங்குகிறது.

ஃபிளை கட்டுகிறவர்கள் இப்படி ஒரு முறுக்குக்காக மெழுகு தடவிய நூல், தனி ஊசி, தனிச் சுழற்றி என்று என்னென்னவோ வாங்கி வைத்திருப்போம். மென்மையான ரோமத்தையே அப்படித்தான் நூலுக்குள் பிடிப்போம். தென்னந்தும்பு போல முரட்டு நார் நூலில் நிற்காது, வழுக்கிவிடும். செம்புக் கம்பியின் முறுக்கு அதைக் கடித்துப் பிடித்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன், ஒரு இழைகூட வரவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து, கத்தரியால் ரோமத்தை நெல் அளவுக்கு வெட்டிக் குறைத்தேன். ஒரு 12-ஆம் எண் முள்ளை எடுத்து, வளைவிலிருந்து கண் வரைக்கும் அந்த முறுக்கை நெருக்கமாகச் சுற்றினேன். ஒன்பது சுற்று. கடைசியில் ரோமத்தை ஒட்ட வெட்டிய வெறும் கம்பியில் நான்கு சுற்று சுற்றி ஒடித்துவிட்டேன். அவ்வளவுதான். நூல் இல்லை, இறகு இல்லை, முடிச்சு இல்லை. காப்பி ஆறுவதற்குள் மூன்று கட்டிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய சொந்தக் குளம். சாயங்காலம் ராடைப் பூட்டி முதல் ஃபிளையை வீசினேன். மிதந்தது. காய்ந்த தும்பு மிதக்காமல் என்ன செய்யும்? கரைச்சேற்றில் போட்டு நன்றாகத் தேய்த்து மறுபடி வீசினேன். இம்முறை செம்பின் எடையில் மெதுவாகத் தாழ்ந்தது. எண்ணினேன், ஐந்து வரை எண்ணியிருப்பேன், தூண்டில் கொடி விர்ரென்று ஓரமாக நகர்ந்தது. உள்ளங்கை அகலச் சிலேபி. அப்புறம் இன்னொன்று. பிறகு விரல் நீளக் கெண்டை ஒன்று. இருட்டுவதற்குள் ஏழு. அம்மா கேட்டுக்கொண்டதால் சிலேபியைக் குழம்புக்குக் கொடுத்துவிட்டுக் கெண்டையைத் திரும்ப விட்டேன்.

பெயர் வைத்த கதைக்கு இப்போது வருகிறேன். பெண்ணின் தம்பி யுகேஜி. நான் கெண்டையின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றும்போது ஓடிவந்து, "இது எதாக்கும்?" என்று கேட்டான்.

"தும்பாக்கும் மக்களே" என்றார் பாட்டி.

அவன் காதில் என்ன விழுந்ததோ, அப்படியே வேலிக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினான். "சித்தி தும்பியை வச்சு மீன் பிடிக்காவ!"

எங்கள் பக்கம் தட்டான் என்போம், இங்கே தும்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து தும்பியைக் காட்டச் சொன்னார்கள். அவர்கள் பின்னாலேயே ஒரு பெரியவர் வந்து, உயிரோடு தும்பியைப் பிடித்துக் குத்துவது பாவம் இல்லையா என்று கேட்டார். முள்ளைக் காட்டினோம். "ஓ, இதுதான் தும்பியா" என்றார். சோறு பரிமாறும்போது தோழியும், "உன் தும்பியைப் பத்திரமா எடுத்து வை, பையன் தூக்கிட்டுப் போயிருவான்" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் அதற்குப் பெயர் ஏற்பட்டுவிட்டது.

ஃபிளை உலகத்தில் இது அடிக்கடி நடந்திருக்கிறது. ஒருவர் கட்டுவார், பெயர் வேறு பக்கத்திலிருந்து வரும். 1854-இல் ட்வீட் ஆற்றங்கரையில் கேனன் கிரீன்வெல் என்ற பாதிரியார் தண்ணீரில் பார்த்த பூச்சியை ஜேம்ஸ் ரைட்டிடம் காட்டிக் கட்டித் தரச் சொன்னார். கட்டியவர் ரைட், ஆனால் இன்றுவரை அது 'கிரீன்வெல்ஸ் குளோரி'. 1922-இல் மிச்சிகனில் லென் ஹாலடே சாம்பல் நிறத்தில் ஒன்று கட்டினார். அதைப் போர்ட்மேன் ஆற்றில் முதலில் வீசிப் பார்த்த சார்லஸ் ஆடம்ஸின் பெயர் அதற்கு நிலைத்தது. 1967-இல் பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸிங் கட்டிய 'வுல்லி பக்கர்' இன்று உலகம் முழுக்க எல்லோர் பெட்டியிலும் இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தது அவருடைய சிறு மகள் என்பார்கள். ஃபிளை தீர்ந்துபோன ஒரு பேராசிரியர் மஞ்சள் பூவின் இதழைப் பறித்து முள்ளில் சுற்றினார், அதனால்தான் 'புரொஃபஸர்' என்று பெயர் வந்தது என்று ஸ்காட்லாந்துக் கதை ஒன்றும் உண்டு. அப்பா அதை அடிக்கடி சொல்வார். எனக்கு மிகவும் பிடித்த கதை.

படுத்த பிறகுதான் அது தோன்றியது. எழுந்து விளக்கைப் போட்டு முள்ளை எடுத்துப் பார்த்தேன். குட்டை உடம்பு, மண்பழுப்பு, ரோமம், ரோமத்தில் சேறு. நேற்று திற்பரப்பில் கல்லுக்கு அடியில் பார்த்த அதே பிராணி. நான் சாயரின் இறால் பூச்சியையே மனதில் வைத்துக்கொண்டு கட்டினேன். கட்டி முடித்தது தட்டானின் குஞ்சு. பையன் தப்பாகக் கேட்ட பெயர்தான் சரியான பெயர்.

நான்காம் நாள், ஞாயிறு

விடிவதற்கு முன்பே குளத்துக்குப் போய்விட்டேன். நேற்று ஃபிளையைத் தாழவிட்டுச் சும்மா காத்திருந்தேன், இறால் பூச்சிக்கு அது சரி. தட்டான் குஞ்சு அப்படிக் கிடக்காது, தாவும். அதனால் இன்று கொடியை ஒரு சாண் சட்டென்று இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தேன். அரை மணி நேரத்தில் ஒன்பது மீன். நேற்று ஒன்றரை மணி நேரம் நின்று பிடித்தது ஏழு. பெயர் தெரிந்ததும் அதை எப்படி நடத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இதை அப்பாவிடம் சொல்ல முடியாதது மட்டும்தான் குறை.

பிறகு முட்டம் போனோம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சிவந்த பாறை, அதில் வந்து மோதுகிற கடல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடற்கரை ஊர்களில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். படகுகள் ஏறிக் கிடந்தன.

தோழியின் கணவருக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கட்டுமரத்தில் போய்க் கைத்தூண்டில் போட்டவர். மிட்டாய் டப்பாவைத் திறந்து என் தும்பியை அவர் கையில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நகத்தால் உடம்பைத் திருகினார். உடம்பு முள்ளின் மேல் அரைச்சுற்று திரும்பியது.

"லூசா இருக்கு பிள்ளே. மொதல்ல வெறும் கம்பிய அடுக்கா சுத்து. அதுக்க மேல இத சுத்து. அப்பந்தான் பிடிக்கும்."

சரியான குறை. முப்பது வருடமாகக் கட்டுகிற நான் விட்டுவிட்டதை ஒரு திருகலில் கண்டுபிடித்துவிட்டார். அங்கேயே ஒன்றைப் பிரித்து அவர் சொன்னபடி கட்டினேன். அசையவில்லை.

அப்புறம் எங்கள் பேச்சு வளர்ந்தது. வீட்டிலிருந்து தன் பழைய தூண்டிலை எடுத்துவரச் சொன்னார். ஒரே தங்கூசியில், அதாவது நைலான் இழையில், வரிசையாக முட்கள், ஒவ்வொன்றிலும் பளபளக்கும் இழை கட்டியிருந்தது. இரை கிடையாது. அயிலைக் கூட்டம் வரும்போது மேலும் கீழுமாகச் சுண்டிக்கொண்டே இருந்தால், குஞ்சுமீன் என்று நினைத்துப் பாய்ந்து கவ்வுமாம். நாங்கள் ஃபிளை என்று எதைச் சொல்கிறோமோ அதேதான். புத்தகம் படித்து நான் தெரிந்துகொண்டதை இவர்கள் கடலிலேயே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

தும்பின் நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, அடர்ந்தால் நல்லது என்றேன். பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் பனிச்சைக்காயை இடித்துச் சாறெடுத்து அதில் வலையைத் தோய்ப்பார்கள், கருத்துப்போகும், உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாது என்றார். நைலான் வந்த பிறகு அந்த வேலை நின்றுவிட்டதாம். பனிச்சை மரம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குளத்தங்கரையில் தேடு என்றார்.

திரும்பும் வழியெல்லாம் குளத்தங்கரையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். எங்கள் கண்ணில் படவில்லை. தேயிலைச் சாறு போதும் என்று தோழி சொன்னாள். ஊட்டிக்காரிக்கு அது தோன்றாமல் போய்விட்டது.

ஐந்தாம் நாள், திங்கள்

விடிகாலையில் கன்னியாகுமரி. மேகம், சூரியன் தெரியவில்லை. வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் வந்த பிறகு இன்றுதான் பார்க்கிறேன், படகு வரிசை நீளமாக இருந்ததால் கரையோடு சரி.

கடற்கரையில் தும்பிகள் நூற்றுக்கணக்கில் தாழப் பறந்துகொண்டிருந்தன. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள், அதேபோல ஒன்பது மணிக்குப் பிடித்துக்கொண்டது. இந்த மாதங்களில் தும்பிக் கூட்டம் ஒன்று இந்தியாவிலிருந்து கிளம்பிக் கடல் மேலேயே ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. நான் பார்த்தவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையா என்று சொல்லத் தெரியாது. மூன்று நாளாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அந்தச் சேற்றுப் பிராணியின் வகையறா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அம்மா ஒரு பொட்டலம் தும்பு தந்தார். நான் பையனுக்கு ஒரு தும்பி கட்டிக் கொடுத்தேன், முள்ளின் கூரை மழுக்கிவிட்டு. பெண்ணுக்கு அவள் சுற்றிய அந்த முதல் முறுக்கில் மிச்சமிருந்த துண்டு. அதை மோதிரமாக வளைத்துப் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, அவலாஞ்சி

அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்று காலை ஓடைக்குப் போனேன். தண்ணீர் 14 டிகிரி, மழைக்குப் பிறகு இலேசான கலங்கல். தேயிலைச் சாற்றில் தோய்த்து, பெரியவர் சொன்னபடி அடுக்குக் கம்பியின் மேல் கட்டிய தும்பி. அப்பா எப்போதும் நிற்கும் வளைவுப் பாறைக்குக் கீழே வீசினேன். தாழவிட்டு ஒரு சாண் இழுத்தேன். நிறுத்தி மறுபடி இழுத்தேன். நான்காவது இழுப்பில் கை நின்றுவிட்டது.

வானவில் டிரவுட். முக்கால் கிலோ இருக்கும். பக்கவாட்டில் அந்த ரோஸ் பட்டை மழைவெளிச்சத்தில் அப்படி ஒரு நிறம். மேல் உதட்டின் ஓரத்தில் தும்பி. தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றிவிட்டேன்.

மேலே ஏறி சிக்னல் வந்ததும் ஈத்தாமொழிக்குப் போன் போட்டேன். பையன்தான் எடுத்தான். தும்பியை டிரவுட் தின்றது என்றேன்.

"சித்தி, அது பறந்துச்சா?"

"இல்லடா, தண்ணிக்குள்ள தாவிச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு போனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டான். அவர் முதலில் கேட்டது, "தும்பு காணுமா மக்களே? இன்னுங் கொஞ்சம் கொடுத்து விடட்டா?"